வடம் யாருடைய கையில்?

ஜேர்மனியின் கேபிள் வலையமைப்பும் டிஜிற்றல் மாற்றமும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

புகலிடத் தமிழர்களின் தொடர்புசாதனங்கள் பற்றி இதுவரை எழுதப்பட்டவை அநேகமாக யாவும் நிலையங்களைப் பற்றியவையே. எந்தத் தொலைக்காட்சி யாருடைய அரசியலைப் பேசியது, அதற்கு யார் பணம் கொடுத்தார், யார் அதை மூடினார் என்பன குறித்து நாம் நிறையவே விவாதித்திருக்கிறோம், சண்டையும் பிடித்திருக்கிறோம். ஆனால் படம் வந்து சேர்ந்த பாதையைப் பற்றி எவரும் அதிகம் அக்கறைப்பட்டதாகத் தெரியவில்லை. கேபிள் என்பது எமக்குச் சுவரில் இருக்கும் ஒரு துளை. டிஷ் என்பது வீட்டுச் சொந்தக்காரரோடு வரும் ஒரு தகராறு. இவ்விரண்டுக்கும் பின்னால் நாற்பது வருட கால அரசியற் பொருளாதாரம் ஒன்று கிடக்கிறது என்பதை, பொருளாதார வரலாறு கற்பித்துப் பிழைத்த நானே மிகவும் பிந்தித்தான் கவனிக்கத் தொடங்கினேன்.

டிஜிற்றல் வந்தால் இடப்பற்றாக்குறை ஒழிந்துவிடும், அதனோடு சிறிய மொழிகள் வாசலில் காத்து நிற்பதும் ஒழியும் என்று தொண்ணூறுகளில் சொல்லப்பட்டது. இடம் உண்மையிலேயே பெருகியது. வாசல் அப்படியே இருந்தது. வாசற்காவல் மட்டும் கைமாறியது. முன்னர் பொதுச் சட்டத்தின் கீழ் இயங்கிய ஒரு சபையிடம் இருந்த தீர்மானம், வலையமைப்பை நடத்தும் கம்பனியின் கணக்குப் புத்தகத்துக்குள் போய்ச் சேர்ந்தது. ஜேர்மனியை உதாரணமாகக் கொண்டு இதைப் பார்க்கலாம். நான் வாழும் நாடு என்பதால் மட்டுமல்ல. ஐரோப்பாவில் மிகப் பெரிய கேபிள் வலையமைப்பு ஒன்றை அரசே கட்டி, பின்னர் அதைத் துண்டு போட்டு விற்ற நாடும் இதுதான்.

*

மேற்கு ஜேர்மனியில் கேபிளின் தொடக்கத்தைத் தீர்மானித்தது கட்சி அரசியல். 1976இல் அறிக்கை கையளித்த நிபுணர் ஆணைக்குழு, இத்தகைய அகலப்பட்டை வலையமைப்புக்கு மக்களிடம் தெளிவான தேவை எதுவும் தென்படவில்லை, முதலில் சில பரிசோதனைத் திட்டங்களை நடத்திப் பாருங்கள் என்றே ஆலோசனை கூறியது. சான்சலராயிருந்த ஹெல்முற் ஷ்மித்துக்கு அதுவே அதிகமாகப் பட்டது. வாரத்தில் ஒரு நாளாவது தொலைக்காட்சியை அணைத்து வையுங்கள் என்று 1978இல் பத்திரிகையில் எழுதியவர் அவர். 1979இல் பதினொரு நகரங்களில் கேபிள் பதிக்கத் தயாரான தபால் துறையை அவரது அமைச்சரவை தடுத்து நிறுத்தியது. 1981இல் அதே அமைச்சரவை நாடெங்கும் கண்ணாடியிழை பதிக்கும் நீண்டகாலத் திட்டம் ஒன்றையும் பரிசீலித்தது. அடுத்த வருடம் ஆட்சி கவிழ்ந்தது. திட்டமும் அதனோடு போயிற்று.

1982 ஒக்ரோபரில் ஹெல்முற் கோலின் அரசில் தபால் அமைச்சரானவர் கிறிஸ்ரியான் சுவார்ஸ் ஷில்லிங். பொதுத்துறை வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் இடதுசாரிகளின் கையில் கிடக்கின்றன என்பது கிறிஸ்தவ ஜனநாயகவாதிகளின் நீண்டகாலக் குறைபாடு. தனியார் தொலைக்காட்சியே அதற்கு மருந்து. ஆனால் தனியாருக்கு வானலையில் இடம் இல்லை. ஆகவே இடத்தை நிலத்துக்கடியில் உண்டாக்க வேண்டியிருந்தது. வருடத்துக்குச் சுமார் 100 கோடி மார்க் என்ற கணக்கில் செப்பு வடம் பதிக்கப்பட்டது. கண்ணாடியிழை முதிரும் வரை காத்திருக்க அவர்களுக்குப் பொறுமை இல்லை. 1984 ஜனவரி 1ஆம் திகதி லுட்விக்ஸ்ஹாபனில் முதலாவது பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. பின்னர் சற் 1 எனப் பெயர்பெற்ற நிலையம் அங்கேதான் பிறந்தது. தொடர்ந்து மூன்கன், டோர்ட்முண்ட், பேர்லின். இப்பரிசோதனைகளின் செலவுக்காக, தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த ஒவ்வொரு வீட்டின் கட்டணத்திலிருந்தும் மாதம் 20 பெனிக் ஒதுக்கப்பட்டது. தனியார் தொலைக்காட்சிக்கான வீதியைப் பொதுப்பணம் போட்டுத் தந்தது என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

(சுவார்ஸ் ஷில்லிங் 1992 டிசம்பரில், பொஸ்னியாவில் நடந்த கொலைகளைத் தனது அரசு பார்த்துக் கொண்டிருப்பதாகச் சொல்லிப் பதவி விலகினார். மனச்சாட்சிக்காகப் பதவி துறந்த அமைச்சர்களை எமது நாட்டில் தேடிக் களைத்தவன் என்ற வகையில் இதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. மனிதர் ஒரே நிறத்தில் இருப்பதில்லை.)

*

வடத்தைப் பதித்தது போலவே, அதை எவ்வாறு பிரித்தார்கள் என்பதும் முக்கியமானது. பின்னாளில் வந்த பெரும்பாலான சிக்கல்களுக்கு இங்கேதான் வேர் இருக்கிறது. ஜேர்மன் வலையமைப்பை நான்கு தளங்களாக வகுத்தார்கள். நிகழ்ச்சி நாடு முழுவதும் கடத்தப்படுவது முதல் இரண்டு தளங்கள். ஊரின் தலைமை நிலையத்திலிருந்து தெருவழியே கட்டடத்தின் வாசல் வரை வருவது மூன்றாம் தளம். கட்டடத்தின் நிலவறையிலிருந்து ஒவ்வொரு வீட்டுச் சுவருக்கும் ஏறுவது நான்காம் தளம். மூன்றாவதைத் தபால் துறை வைத்துக்கொண்டது. நான்காவதை உள்ளூர் மின்தொழிலாளர், சிறு கம்பனிகள், வீடமைப்பு நிறுவனங்கள் ஆகியோருக்கு விட்டது. சிறு தொழில் வளர வேண்டும் என்பது சொல்லப்பட்ட நியாயம்.

விளைவு விசித்திரமானது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சுமார் 1 கோடி 70 இலட்சம் வீடுகள் இணைக்கப்பட்டிருந்தன. 1995இல் பங்குக் கம்பனியாக மாற்றப்பட்டு, தபால் துறையின் இடத்துக்கு வந்த ரெலிகொம்முக்கு, இவற்றுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீடுகளோடு மட்டுமே நேரடித் தொடர்பு. மற்றவர்களை அதற்குத் தெரியாது. அவர்கள் நான்காம் தளக்காரரின் வாடிக்கையாளர். தெருவெல்லாம் தன் வடம் ஓடியும், வீட்டுக்குள் யார் இருக்கிறார், என்ன மொழி பேசுகிறார் என்று அறியாத ஒரு கம்பனி. கட்டணம் வேறு வாடகையோடு சேர்ந்து, நேபன்கொஸ்ரன் என்று நாம் எல்லோரும் முணுமுணுத்தபடி கட்டும் உபசெலவுக் கணக்கில் ஒரு வரியாகப் போயிற்று. பார்க்கிறவனும் கட்டினான், பார்க்காதவனும் கட்டினான். வாடிக்கையாளர் என்பவர் குடியிருப்பாளர் அல்ல, வீட்டுச் சொந்தக்காரர். டிஜிற்றல் காலத்தில் யாருடைய சொல் எடுபட்டது என்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வரி போதுமானது.

*

டிஜிற்றல் என்பது வடத்துக்குள் என்ன செய்கிறது? பழைய முறையில் ஒரு தடத்தில் ஒரு நிகழ்ச்சிதான் ஓடும். 450 மெகாஹேட்ஸ் வரை கொண்டு செல்லும் அன்றைய வலையமைப்பில் முப்பதுக்குச் சற்று மேற்பட்ட நிகழ்ச்சிகளோடு இடம் முடிந்துவிட்டது. 302 முதல் 446 மெகாஹேட்ஸ் வரையான மேற்பகுதியில், ஒவ்வொன்றும் 8 மெகாஹேட்ஸ் அகலமான 18 தடங்கள் இருந்தன. டிஜிற்றலுக்கு ஒதுக்கப்பட்டது இந்தப் பகுதியில்தான். கேபிளுக்கான ஐரோப்பிய டிஜிற்றல் நியமம் 1994இல் வகுக்கப்பட்டது. அதன்படி அத்தகைய ஒரு தடம் செக்கனுக்கு 38 மெகாபிற் தரவைக் கடத்தும். அதற்குள் எட்டு, பத்து நிகழ்ச்சிகளை அடக்கலாம். ஒரு தடத்தைப் பழைய முறையிலிருந்து விடுவித்தால் எட்டுக் கதவு திறக்கும் என்பதே கணக்கு.

ஆனால் விடுவிப்பதுதான் கடினம். நான் வேலை செய்யும் பிளாஸ்ரிக் வார்ப்புத் தொழிற்சாலையில் ஓர் இயந்திரத்தை மாற்றுவதென்றால், பழையதை ஓடவிட்டபடியே புதியதைப் பக்கத்தில் பொருத்துவார்கள். உற்பத்தி நிற்கக்கூடாது. அந்த மாதங்களில் நடக்கவே இடமிருக்காது. கேபிளிலும் அதுவே நடந்தது. பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்காக எல்லா நிகழ்ச்சிகளையும் பழைய முறையில் ஓட்ட வேண்டும். அதே நிகழ்ச்சிகளை டிஜிற்றலிலும் ஓட்ட வேண்டும். புதியவற்றுக்கும் இடம் காண வேண்டும். மேலும் இந்த வலையமைப்பு ஒரு மரம் போன்றது. அடிமரத்திலிருந்து கிளைக்கு ஓடுமே தவிரத் திரும்பி ஓடாது. இணையத்தையும் தொலைபேசியையும் அதில் கொண்டுவர வேண்டுமென்றால் பெருக்கிகளை எல்லாம் மாற்றி, திரும்பும் பாதையை உண்டாக்கி, 862 மெகாஹேட்ஸ் வரை உயர்த்த வேண்டும். தெருவில் அதைச் செய்து முடித்தாலும் நிலவறையில் நான்காம் தளக்காரனின் பழைய பெருக்கி தொங்கிக் கொண்டிருந்தால் செய்தது எல்லாம் வீண். வருமானத்தின் பெரும்பகுதி ஒருவனுக்கு, முதலீட்டின் பெரும்பகுதி மற்றவனுக்கு. இந்த நிலையில் யார் முதலில் பணத்தை இறக்குவது?

பெட்டி பற்றிய சண்டை இதனினும் பகிரங்கமானது. டிஜிற்றல் படத்தைத் திறக்கும் திறப்பு யாரிடம் இருக்கிறதோ அவரிடமே சந்தையும் இருக்கும் என்பதை முதலில் விளங்கிக் கொண்டவர் லியோ கீர்ச். 1996 ஜூலையில் அவர் டிஎப் 1 என்ற கட்டணத் தொலைக்காட்சியையும் அதற்கான டி-பொக்ஸ் என்ற பெட்டியையும் கொண்டுவந்தார். அவரும் பேர்ட்டல்ஸ்மானும் ரெலிகொம்மும் கூட்டுச் சேர முயன்றதை ஐரோப்பிய ஆணையம் 1994இல் ஒரு தடவையும் 1998இல் மறுதடவையும் தடுத்தது. வடம், திறப்பு, படம் மூன்றும் ஒரே கையில் சேரக்கூடாது என்பது பிறசெல்ஸின் நியாயம். நல்ல நியாயந்தான். 2002 ஏப்ரலில் கீர்ச்சின் சாம்ராச்சியம் வங்குரோத்தாயிற்று. டிஜிற்றல் தொலைக்காட்சி என்றாலே கட்டணத் தொலைக்காட்சி என்ற எண்ணத்தை மக்கள் மனதில் பதித்துவிட்டு அவர் போனார்.

*

ரெலிகொம் 1999இல் கேபிளைத் தனிக் கம்பனியாக்கி, பிரதேசம் பிரதேசமாக விற்கத் தொடங்கியது. இது தானாகச் செய்த காரியமன்று. தொலைபேசி வடத்தையும் கேபிளையும் ஒரே கம்பனி வைத்திருந்தால் போட்டி எங்கிருந்து வரும் என்ற அழுத்தம் இருந்தது. கடன் சுமையும் இருந்தது. நோர்த்றைன் வெஸ்ற்பாலியாவை அமெரிக்க முதலீட்டாளரான கலஹன் வாங்கினார். நாடே வியக்கும்படி வலையமைப்பை உயர்த்தப் போவதாக அறிவித்த அந்தக் கம்பனி, 2002இல் கடனில் மூழ்கியது. ஆறு பிரதேசங்களை 550 கோடி யூரோவுக்கு வாங்க வந்த லிபேர்ட்டி மீடியாவை அதே வருடம் பெப்ரவரியில் போட்டி ஆணையகம் மறித்தது. ஒரு வருடம் கழித்து, 2003இல், அதே சொத்து அபக்ஸ், கோல்ட்மன் சாக்ஸ், புறொவிடென்ஸ் என்ற மூன்று முதலீட்டு நிறுவனங்களுக்கு 172.5 கோடி யூரோவுக்குப் போயிற்று. பத்து வருடங்களின் பின் 2013இல் வோடபோன் அக்கம்பனியை வாங்கியபோது கொடுக்க முன்வந்த விலை 770 கோடி யூரோ. மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்த யுனிற்றிமீடியாவும் 2019இல் வோடபோனிடமே வந்து சேர்ந்தது. இருபது வருடங்கள் உடைத்து விற்றதன் முடிவில் ஏறக்குறைய நாடு தழுவிய ஒரே உரிமையாளர். இம்முறை அது பொதுச்சொத்து அல்ல என்பது மட்டுமே வித்தியாசம்.

இனி வாசற்காவலுக்கு வருவோம். பழைய முறையில் இடம் குறைவாக இருந்ததால், எந்த நிகழ்ச்சி வடத்தில் ஏற வேண்டும் என்பதை ஒவ்வொரு மாநிலத்தினதும் தொடர்புசாதனச் சபை தீர்மானித்தது. அச்சபைகள் தேவதூதர் அல்லர். ஆயினும் அவற்றுக்கு ஒரு பொதுக் கடமை இருந்தது. கேள்வி கேட்கலாம், முறையிடலாம். துருக்கியர் செறிந்து வாழ்ந்த பல நகரங்களில் துருக்கிய அரசின் சர்வதேச நிகழ்ச்சி கேபிளில் வந்தது இப்படித்தான். டிஜிற்றலுக்கான விதிகள் 2000இல் மாறின. மூன்றிலொரு பகுதி பொதுத்துறை நிலையங்கள் முதலான கட்டாய நிகழ்ச்சிகளுக்கு. அடுத்த மூன்றிலொரு பகுதியில் பல்வகைமையைக் கவனத்திற் கொண்டு வலையமைப்பாளரே தெரிவு செய்யலாம். மிகுதியில் அவர் விரும்பியது. நடுப்பகுதியில் கவனிக்க வேண்டியவற்றுள் பிறமொழி நிகழ்ச்சிகளும் அடங்கும் என்று சட்டம் பெயர் குறித்தே சொல்கிறது. அழகான வாசகம். ஆனால் எந்த மொழி, எத்தனை பேர் பேசும் மொழி என்று அது சொல்லவில்லை. சொல்லாத இடத்தை வியாபாரம் நிரப்பியது.

ஜேர்மன் கேபிளின் இன்னொரு விசேடம், படம் தயாரிப்பவரே வடக்காரருக்குப் பணம் கட்டுவது. அமெரிக்காவில் பெரும்பாலும் வடக்காரர் நிலையத்துக்குக் கொடுக்கிறார். இங்கே நிலையம் வடக்காரருக்குக் கொடுத்தது. பொதுத்துறை நிலையங்கள் மட்டும் வருடத்துக்குச் சுமார் 6 கோடி யூரோ கட்டி வந்தன. 2012 முடிவோடு இனித் தரமாட்டோம் என்று அவை நிறுத்தியதும் வழக்குகள் கிளம்பி உச்ச நீதிமன்றம் வரை போயின. தனியாரும் வடக்காரரோடு வேறு வகையில் கைகோத்திருந்தனர். இலவச நிகழ்ச்சிகளையும் டிஜிற்றலில் பூட்டி வைக்க உடன்பட்டதற்காக, இரண்டு பெரிய தனியார் குழுமங்களுக்கு 2012 டிசம்பரில் 5.5 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. அதன் பின்னரே பூட்டு அகன்றது. இவர்களே இப்படி மல்லுக்கட்டிய வாசலில், கடைக்கார விளம்பரங்களையும் மாதச் சந்தாவையும் நம்பி ஓடும் ஒரு தமிழ்த் தொலைக்காட்சி எதைக் கொடுத்து ஏறுவது? துருக்கியம், ரஷ்யம், போலிஷ், இத்தாலியம் என்று தொகுதிகள் வந்தன. எங்கள் கட்டடத்துக்கு வந்த துண்டுப்பிரசுரத்தில் தமிழ் இருக்கவில்லை. எண்ணிக்கை போதாத இனத்துக்கு எட்டு மடங்கு இடம் வந்தும் பயனில்லை.

*

எனவே டிஷ். 1994 பெப்ரவரி 9ஆம் திகதி கார்ல்ஸ்றூஹவிலுள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு துருக்கிய வாடகையாளரின் முறைப்பாட்டில் வழங்கிய தீர்ப்பை எம்மவரில் எத்தனை பேர் வாசித்திருப்பார்கள் தெரியாது. ஆயிரக்கணக்கான தமிழ் வீடுகளின் பல்கணிக்கு அதுவே சட்டத் தூண். கேபிள் உள்ள வீட்டில் ஜேர்மானியருக்கு டிஷ் தேவையில்லை எனலாம்; தன் நாட்டுச் செய்தியையும் மொழியையும் பண்பாட்டையும் நாடும் வெளிநாட்டவருக்கு அவ்வாறு சொல்ல முடியாது, தகவல் பெறும் சுதந்திரம் அவருக்கும் அடிப்படை உரிமை என்பது அதன் சாரம். வேலை தெரிந்தவரைக் கொண்டு பொருத்த வேண்டும், செலவு வாடகையாளருடையது, இடத்தை வீட்டுக்காரர் காட்டலாம் என்ற நிபந்தனைகளை நீதிமன்றங்கள் வகுத்தன. அவற்றோடு நாம் வாழ்ந்தோம். கூரையில் பொது டிஷ் இருக்கிறதே என்றும் சொல்வார்கள். அது 19.2 பாகை கிழக்கை, அஸ்ற்றாவைப் பார்த்துக் கொண்டிருக்கும். நாம் பார்த்த தமிழ் நிகழ்ச்சிகளோ பெரும்பாலும் 13 பாகையில். ஆறு பாகை வித்தியாசம் எத்தனை சண்டைகளுக்குக் காரணமாயிற்று!

டிஜிற்றல் கேபிள் இந்த உரிமையை நேரடியாகப் பறிக்கவில்லை. அதன் நியாயத்தை அரித்தது. 2005 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ரஷ்ய வம்சாவளி வாடகையாளர்களின் வழக்கில், பெட்டியும் மேலதிகக் கட்டணமும் கொடுத்தால் கேபிளிலேயே சில ரஷ்ய நிகழ்ச்சிகள் கிடைக்கின்றன, ஆகவே டிஷ்ஷுக்கு உரிமை கேட்க முடியாது என்றது. வடக்காரர் இலாபம் பார்த்துக் கட்டிய ஒரு தொகுதி, ஓர் அடிப்படை உரிமையின் அளவுகோலாக மாறிய தருணம் இது. அதன் பின் வீடமைப்பு நிறுவனங்களின் கடிதங்களுக்குப் புதிய தொனி வந்தது. நான் குடியிருந்த கட்டடத்தின் நிர்வாகம் எனக்கு எழுதியதில், 'இந்தியத் துணைக்கண்ட நிகழ்ச்சிகள்' இப்போது கேபிளில் கிடைப்பதால் அன்ரெனாவை அகற்றும்படி கேட்டிருந்தார்கள். அவர்கள் குறிப்பிட்டது ஹிந்தி. நான் எழுதிய மூன்று பக்கப் பதிலுக்கு விடை வரவில்லை. இரண்டாவது கடிதம் மட்டும் வந்தது.

இங்கே சட்டத்தின் ஆழமான ஒரு குறைபாடு வெளிப்படுகிறது. 1994 தீர்ப்பின் வழியில் வந்த வழக்குகள் பலவும் 'தாய்நாடு' என்ற அளவையால் அளந்தன. தாய்நாடும் தாய்மொழியும் ஒன்றாயிருப்பவருக்கு அது பொருந்தும். அரசு ஒரு மொழியைப் பேச, தான் வேறொரு மொழியைப் பேசி, அதனாலேயே அகதியானவனுக்கு அந்த அளவை என்ன சொல்லும்? இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தவனுக்குச் சிங்கள நிகழ்ச்சி ஒன்று போதும் என்று ஒரு நீதவான் சொல்லியிருக்கலாம். 2013 மார்ச் 31ஆம் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு பதிலைத் தந்தது. துருக்கியக் குடியுரிமையும் துர்க்மென் இன அடையாளமும் கொண்ட வாடகையாளர்கள், துர்க்மென் மொழி நிகழ்ச்சிக்காக டிஷ் கேட்டனர். துருக்கிய நிகழ்ச்சிகள் கிடைக்கின்றனவே என்று கீழ்நீதிமன்றங்கள் சொன்னதை அது ஏற்கவில்லை. அவர்களது மொழியும் பண்பாடும் தனியாக எடைபோடப்பட்டிருக்க வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. அரசுக்குள் அடங்காத மொழி ஒன்றுக்குக் கிடைத்த அங்கீகாரமாக நான் இதை வாசிக்கிறேன். எமக்காக எவரும் இந்த வழக்கைப் போடவில்லை. எம்மிடம் அமைப்புகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை; ஆனால் வாடகையாளர் என்ற வகையில் எம்மை ஒழுங்குபடுத்த அவற்றில் எதற்கும் தோன்றவில்லை என்பதே என் கணிப்பு.

*

எஞ்சியதை விரைவாகச் சொல்லிவிடலாம். பழைய முறை ஒளிபரப்பு யுனிற்றிமீடியாவில் 2017 ஜூனிலும் வோடபோனில் 2018 நடுப்பகுதியிலிருந்து 2019 வரையிலும் அணைக்கப்பட்டது. விடுவிக்கப்பட்ட தடங்கள் பெரும்பாலும் இணைய வேகத்துக்கும் துல்லியப் படத்துக்கும் போயின. கேபிள் கட்டணத்தை உபசெலவில் சேர்க்கும் ஏற்பாட்டை 2021 டிசம்பரில் அமுலுக்கு வந்த சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது. அவகாசம் 2024 ஜூன் 30 வரை. சுமார் 1 கோடி 20 இலட்சம் வீடுகள் இதற்குள் அடங்கின. ஜொப்சென்ரரின் உதவியில் வாழ்பவர்களுக்கு, வாடகையோடு சேர்ந்து அரசு கட்டிவந்த தொகை இனிச் சொந்தப் பையிலிருந்து போகும். நாற்பது வருடங்களின் பின் வடக்காரர் முதல் தடவையாகக் குடியிருப்பாளரைத் தேடிக் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. அந்த வருடம் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வந்தவர்களைப் பற்றி நுகர்வோர் நிலையங்கள் எச்சரிக்கவும் நேர்ந்தது. எங்கள் மாடியில் அநேகமானோர் கையெழுத்து வைக்கவில்லை. தமிழ் நிகழ்ச்சிகள் இன்று இணையத்தால் வருகின்றன. அந்த இணையம் பல வீடுகளில் அதே செப்பு வடத்தால் வருகிறது, கட்டணமும் அதே கம்பனிக்கே போகிறது.

1994க்கும் 2013க்கும் இடையில் டிஷ்ஷுக்காகத் தமிழ்க் குடும்பங்களுக்கு வந்த கடிதங்களும், அவர்கள் எழுதிய பதில்களும், சிறுநீதிமன்றங்களில் நடந்த வழக்குகளின் தாள்களும் எங்கும் சேகரிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. என்னிடம் நான்கு கடிதங்கள் இருக்கின்றன. வாசகர் எவரிடமாவது இருப்பின், ஜேர்மனியோ சுவிசோ பிரான்சோ, பிரதியெடுத்து ஆசிரியர் குழுவுக்கு அனுப்பி வைப்பார்களாயின் ஒழுங்குபடுத்தி எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்வேன். பெயர், விலாசங்களை மறைத்துவிட்டு அனுப்பலாம். திகதியும் ஊரும் மட்டும் தேவை.